மரண தண்டனைக் கைதிகள் தூக்குக்கும் விஷ ஊசிக்கும் முன் பேசியதைத் தமிழாக்கும்போது

தலைப்பிலேயே தவறிவிடாதீர்கள். 'மரண வாக்குமூலம்' என்று போடக்கூடாது. சட்டத்தில் அது, சாகும் தறுவாயில் இருப்பவர் தன் சாவுக்கான காரணத்தைச் சொல்வது. பெரும்பாலும் தாக்கப்பட்டவரின் பேச்சு. 'கடைசிச் சொற்கள்' போதும்.

டெக்சஸ் மாநிலச் சிறைத்துறை, 1982 முதல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் பட்டியலை, அவர்களின் கடைசிப் பேச்சோடு, பொதுவில் வைத்திருக்கிறது. கடைசிப் பேச்சைத் தொடும் முன் வழக்கைப் படியுங்கள். கொலையுண்டது யார் என்று தெரியாமல் 'மன்னித்துவிடுங்கள்' என்று எழுத எனக்குக் கை வராது. அங்கே தண்டனை நிறைவேறுவதைப் பார்க்கும் சாட்சிகள் இரண்டு அறைகளில் நிற்கிறார்கள்: ஒன்றில் கொலையுண்டவரின் குடும்பம், மற்றதில் கைதியின் குடும்பம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே 'யூ'. நமக்கு நீயா, நீங்களா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவுசெய்தாக வேண்டும்.

கேமரன் டாட் வில்லிங்கம். தண்டனை நிறைவேறியது 2004 பிப்ரவரி 17, வயது 36. தன் வீட்டுக்குத் தீ வைத்து மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டனை. தீ வைப்புக்குக் காட்டிய சான்றுகளை வல்லுநர்கள் பிற்பாடு நிராகரித்தார்கள். அவர் பேச்சு 'யா' என்று தொடங்குகிறது. அது அசைச்சொல் அன்று, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்ற கேள்விக்குப் பதில். ஆகவே 'ஆமாம்' என்று வைத்தேன். தான் குற்றமற்றவன் என்கிறார், மண்ணிலிருந்து வந்தேன், மண்ணுக்கே திரும்புவேன் என்கிறார். பிறகு, கிளம்ப வேண்டும், 'ரோட் டாக்' என்கிறார். அகராதியை நம்பினால் தெருநாய் ஆகிவிடும்! சிறைவாசிகள் உற்ற தோழனை அழைக்கும் சொல் அது. 'கிளம்புகிறேன், கூட்டாளி' என்று எழுதினேன். கடைசியில் அடைப்புக்குறிக்குள், வசைச்சொற்கள் இருந்ததால் மீதி நீக்கப்பட்டது என்ற குறிப்பு. அதை அப்படியே தமிழில் தாருங்கள். வசையை ஊகித்து நிரப்பாதீர்கள், குறிப்பை விழுங்கவும் செய்யாதீர்கள்.

'ஐ லவ் யூ' ஏறக்குறைய எல்லாப் பேச்சிலும் வரும். 'நேசிக்கிறேன்' விறைப்பாக இருக்கிறது. 'உன்மேல் உயிராக இருக்கிறேன்' என்று ஒருமுறை எழுதினேன். விஷ ஊசி போடும் மேசையில் கட்டப்பட்டுக் கிடப்பவர் வாயில் 'உயிர்' என்ற சொல்லைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். இப்போது 'என் அன்பெல்லாம் உனக்குத்தான்'.

பேச மறுத்தவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிடாதீர்கள். பெயர், தேதி, வயது, அதன்கீழ் ஒரே வரி: எதுவும் சொல்ல விரும்பவில்லை.