ஜின் பேசில் ஸ்மாஷ்: கிளிப்பச்சை பழுப்பாவது ஏன்?

ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த பழைய காக்டெயிலான ஜின் சவரில் ஒரு கைப்பிடி பேசில் இலையைச் சேர்த்து நசுக்கினால் ஜின் பேசில் ஸ்மாஷ். 2008-இல் ஹாம்பர்க் நகரின் லெ லியோன் பாரில் யோர்க் மேயர் உருவாக்கியது. அமெரிக்க பார்டெண்டர் டேல் டிகிராஃபின் விஸ்கி ஸ்மாஷ்தான் இதற்குத் தூண்டுதல். அதில் இருந்த விஸ்கியின் இடத்தில் ஜின் வந்தது, புதினாவின் இடத்தில் பேசில். மேயர் முதலில் வைத்த பெயர் 'ஜின் பெஸ்ட்டோ' (பெஸ்ட்டோ என்பது பேசிலை அரைத்துச் செய்யும் இத்தாலியச் சட்னி). நல்லவேளை, மாற்றிவிட்டார்.

பொருள் நான்குதான். லண்டன் டிரை ஜின் 60 மி.லி., லெமன் சாறு 25 மி.லி., சர்க்கரைப் பாகு 20 மி.லி., பேசில் இலை 10 முதல் 12. இலையையும் சாற்றையும் ஷேக்கரில் போட்டு நசுக்கவும். பாகும் ஜின்னும் ஊற்றி, ஐஸ் நிரப்பி, 12 நொடி வேகமாகக் குலுக்கவும். ஐஸ் போட்ட குட்டை கிளாஸில் இரண்டு வடிகட்டி வழியாக வடிக்கவும்.

இவ்வளவு சின்ன வேலையில் புதிதாக ஷேக்கர் பிடிப்பவர்கள் செய்யும் பிழைகள் ஆண்டு தவறாமல் அதே வரிசையில் வருகின்றன. நாங்களும் அந்த வழியாகத்தான் வந்தோம். அளந்து ஊற்று, ஐஸில் கஞ்சத்தனம் பண்ணாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

துளசியைப் போடுவது

பேசில் என்பதை அகராதி பார்த்துத் துளசி என்று எடுத்துக்கொண்டு, மாடத்தில் இருப்பதைக் கிள்ளி வருபவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு செடி. துளசியில் யூஜெனால் தூக்கலாக இருக்கும். கிராம்பில் இருப்பதும் அதுவே. ஜின்னோடும் எலுமிச்சையோடும் சேர்ந்தால் சளிக்குக் கொடுக்கும் கஷாயத்தின் வாசனை வரும்.

பேசிலின் இனம் நமக்குத் தெரிந்த திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தருகிற செடி. ஆனால் நம் ஊரில் வளரும் வகைகள் பலவற்றில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். பானம் கெடாது, சுவை மட்டும் வேறு பக்கம் சாயும். ஹாம்பர்க் சுவை வேண்டுமென்றால் இத்தாலிய ஜெனோவீஸ் வகையின் விதையை வாங்கித் தொட்டியில் போடுங்கள். பூ விடுவதற்கு முன்பே கிள்ள வேண்டும். பூத்த செடியின் இலை கசக்கும்.

புதினாவுக்குப் பயந்ததுபோல் பயப்படுவது

புதினா போட்ட ரம் காக்டெயிலான மொஹீட்டோ கற்றுக்கொள்ளும்போது 'இலையை மெதுவாக அழுத்து, கிழித்தால் கசக்கும்' என்று சொல்லித் தருவார்கள். அந்தப் பாடத்தை இங்கேயும் கொண்டு வந்து, நான்கு இலையைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினால் கிடைப்பது வெறும் ஜின் சவர்தான். பச்சை நிறமும் இருக்காது. ஸ்மாஷ் என்ற பெயரே நசுக்கச் சொல்கிறது. இலை கூழாகி, சாறு பச்சையாகும் வரை 10, 12 குத்து குத்துங்கள். இதற்கென்று மட்லர் (நசுக்கும் கட்டை) வாங்க வேண்டியதில்லை; பிடியில்லாத பூரிக்கட்டையின் முனை போதும்.

மிக்ஸி

எடுக்காதீர்கள். தூளான இலை வடிகட்டியைத் தாண்டிப் பல்லில் ஒட்டும்.

நாலு மணிக்கே கலக்கி வைப்பது

இதற்கு மட்டும் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, ஏனென்றால் இதில் ஒரு பாட்டில் ஜின் முழுதாகப் போகிறது.

காட்சி எப்போதும் ஒன்றுதான். சனிக்கிழமை, 12 விருந்தாளிகள். 'வந்தவர்களோடு பேசாமல் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டு நிற்பதா?' என்று வீட்டுக்காரர் முன்யோசனையாக நாலு மணிக்கே உட்காருகிறார். பெரிய ஜாடியில் 120 இலை, 300 மி.லி. சாறு, 240 மி.லி. பாகு. மேலே 750 மி.லி. ஜின் பாட்டில் கவிழ்க்கப்படுகிறது. நாலேகாலுக்குக் கிளிப்பச்சை. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியாகிறது. ஏழரைக்கு ஃபிரிஜ்ஜைத் திறந்தால் ஜாடிக்குள் குட்டைத் தண்ணீர். மூக்கருகே கொண்டுபோனால் வைக்கோலும் வெந்த கீரையும் கலந்த வாடை.

காரணம் இரண்டு, இரண்டையும் நம் சமையலறையிலேயே பார்த்திருக்கிறோம். வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறது அல்லவா? இலை நசுங்கும்போதும் அதேதான்: செல்லுக்குள் தனித்தனியாக இருந்த நொதியும் பாலிஃபீனாலும் கலந்து, காற்றின் ஆக்சிஜன் பட்டுப் பழுப்பாகின்றன. எலுமிச்சையின் புளிப்பு இந்த நொதியை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் அதே புளிப்பு இன்னொரு பக்கம் கை வைக்கிறது. கீரையில் புளித்தண்ணீர் விட்டதும் பச்சை மங்குவது இதனால்தான். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அமிலம் வெளியேற்றிவிடுகிறது. அது போனால் மிஞ்சுவது மங்கிய ஆலிவ் நிறம். ஃபிரிஜ் இரண்டையும் மெதுவாக்கும், நிறுத்தாது. நிறம் போகிற அதே நேரத்தில் இலையின் மெல்லிய வாசனையும் போய்விடும்.

பழுப்பான பிறகு புது இலை நசுக்கிச் சேர்த்தாலும் பழைய நிறம் திரும்பாது. பச்சைக் கலர்ப்பொடி போட்டவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

முன்கூட்டியே செய்யக்கூடியது வேறு. 720 மி.லி. ஜின்னையும் 240 மி.லி. பாகையும் ஒரே பாட்டிலில் கலந்து ஃபிரிஜ்ஜில் வைக்கலாம். நாள்கணக்கில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. சாற்றை அன்று மாலை பிழிந்து தனியாக வையுங்கள். ஆள் வந்ததும் ஷேக்கரில் 20 முதல் 24 இலை, 50 மி.லி. சாறு, நசுக்கல், அந்தப் பாட்டிலிலிருந்து 160 மி.லி., ஐஸ், குலுக்கல். ஒரு தடவைக்கு இரண்டு கிளாஸ் என்றால் 12 பேருக்கு ஆறு தடவை. பேச்சு ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜாடியில்தான் பரிமாறுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இலையைக் கொதிநீரில் 10 நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து, பாகோடு அரைத்துத் துணியில் வடிக்க வேண்டும். (மிக்ஸிக்கு இங்கே மட்டும் அனுமதி.) சூட்டில் நொதி செத்துவிடுவதால் அந்தப் பாகு மறுநாள் வரையிலும் பச்சையாக நிற்கும். சாற்றைப் பரிமாறும் நேரத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும். வாசனையில் லேசாக வெந்த சாயல் இருக்கும், அதற்கு மாற்று இல்லை.

இலையை ஃபிரிஜ்ஜில் வைப்பது

10 டிகிரிக்குக் கீழே பேசில் கறுக்கும். காம்போடு தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வெளியே வையுங்கள்.

பாகின் கணக்கு

மேலே சொன்ன 20 மி.லி., எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த பாகுக்கான அளவு. அதில் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்று செய்த கெட்டிப் பாகில் அதே 20 மி.லி.யில் 17, 18 கிராம் வந்துவிடும். 'அளந்துதான் ஊற்றினேன், ஆனாலும் ஜூஸ் மாதிரி இனிக்கிறது' என்பவர்கள் முதலில் பாகைத்தான் விசாரிக்க வேண்டும். கெட்டிப் பாகுதான் கையில் இருக்கிறது என்றால் 14 மி.லி. போதும்.

எலுமிச்சையை எண்ணிப் போடுவது

மேயரின் பானத்துக்கு உரியது மஞ்சள் நிறப் பெரிய லெமன். நம் சந்தையில் கிடைக்கும் சிறிய உருண்டை எலுமிச்சை லைம் வகையைச் சேர்ந்தது. அதன் மணம் கூர்மையானது, பேசிலை அமுக்கப் பார்க்கும். அதுதான் இருக்கிறது என்றால் 20 மி.லி.யில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். 'ஒன்றரைப் பழம்' என்ற கணக்கு மட்டும் வேண்டாம். கோடையில் ஒரு பழம் தரும் சாறும் மழைக்காலத்தில் தரும் சாறும் ஒன்றாக இருக்காது.

விலை உயர்ந்த பூ வாசனை ஜின்

வீண். பேசிலுக்கு முன்னால் ரோஜாவும் லாவெண்டரும் எடுபடாது. ஜின்னுக்கு வாசனை தரும் ஜூனிப்பர் காய் தூக்கலான சாதாரண லண்டன் டிரை போதும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையாமல்.

ஒரே வடிகட்டி

ஷேக்கரின் வடிகட்டி ஐஸைத்தான் தடுக்கும், இலைத் துணுக்கைத் தடுக்காது. கீழே டீ வடிகட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடைத்துக்கொண்டால் ஸ்பூனால் ஓரத்தில் தட்டினால் இறங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் தடுத்ததெல்லாம் கிளாஸுக்குள் போகும்.

மேலே வைக்கும் இலை

ஒன்று போதும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு, பிறகு கிளாஸில்.