முசுடு வேறு, கறார் வேறு: மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்

எதிலும் லேசில் திருப்தி அடையாத ஆளைப் பற்றிப் பேச வந்தால் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. முசுடு, சிடுமூஞ்சி, கறார், கெடுபிடி, நொட்டை, ராங்கி, வீம்பு, பிகு என்று வாய்க்கு வந்தபடி வரும். ஆனால் இவை ஒரே குணத்துக்கு வைத்த பல பெயர்கள் அல்ல. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் ஆளே வேறு ஆளாகிவிடுகிறார். நம் பக்கத்துத் தெருக்களில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதிகம் நடக்கும் தவறு, பார்த்து வாங்குபவரை முசுடு என்பது. கடலூர் முதுநகர் பக்கம் மீன் வாங்கப் போனால் இதை நேரில் பார்க்கலாம். ஓர் அம்மா சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பார். உள்ளே நல்ல சிவப்பா, வெளுத்துப் பழுப்பேறியதா? கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, மங்கிக் குழி விழுந்திருக்கிறதா? சதையை அழுத்தினால் விரல் பட்ட பள்ளம் எழும்புகிறதா, அப்படியே நிற்கிறதா? இரண்டு கூறைத் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தொடும்போது, "யக்கா, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கூடைக்காரம்மா கேட்பார். பக்கத்தில் நிற்பவரும் "சரியான முசுடு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனும் கூடைக்கு வரும். அப்போது செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. செவுள் சிவந்திருந்தால் அந்த அம்மா பேரம் முடித்து, காசைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர், அது கிடைத்ததும் அடங்குபவர் முசுடு ஆக மாட்டார். துள்ளத் துள்ள வஞ்சிரம் கிடைத்தாலும் உர்ரென்று இருப்பவருக்குத்தான் அந்தச் சொல்.

கறார் உருது வழியாக நமக்கு வந்த சொல். பேசி முடிவு செய்தது, ஒப்புக்கொண்டது என்பது அதன் வேர்ப்பொருள். அதனால் 5-ஆம் தேதி வாடகை என்று பேசியிருந்தால் 5-ஆம் தேதியே கேட்கும் வீட்டுக்காரர் கறாரானவர். அவர் சிரித்த முகமாகவும் இருக்கலாம், காபி கொடுத்துவிட்டும் வாடகை கேட்கலாம். பேச்சில் இல்லாததை எல்லாம் புதிது புதிதாகக் கேட்டு, ஆணி அடிக்காதே, விருந்தாளி வரக்கூடாது என்று நெருக்கினால் அது கெடுபிடி. இந்த இரண்டையும் கலக்கும்போது நேர்மையான ஆளுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ராங்கி. ஜவுளிக்கடையில் ஒரு ஆண் நான்கு சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் "சாருக்கு டேஸ்ட் அதிகம்" என்பார்கள். ஒரு பெண் நான்கு புடவையை மடித்து வைத்தால் "ராங்கி புடிச்சவ". செயல் ஒன்றுதான். அலுவலகத்திலும் இதுவே நடக்கிறது: அவர் கறார், அவள் திமிர். ஒரு சொல்லை எடுக்கும் முன், இதே காரியத்தை ஓர் ஆண் செய்தால் என்ன சொல்லியிருப்போம் என்று பாருங்கள். அந்தச் சொல்லையே போடுங்கள்.

"நொட்டை நொள்ளை சொல்றது" என்று சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். நொட்டை என்றால் குறை. நொள்ளை என்பது பார்வை போன கண்ணைக் குறித்த சொல். குறை சொல்லும் குணத்துக்கும் பார்வையின்மைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'குறை சொல்லிக்கொண்டே இருப்பார்' என்றாலே போதும், யாரையும் உரசாது.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். "இந்த வயசுலயும் நாக்கு நீளம்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! சாம்பாரில் உப்பில்லை, ரசம் சப்பென்று இருக்கிறது என்று தாத்தா தட்டைத் தள்ளுகிறார். வயது ஏற ஏற நாக்கின் சுவையும் மூக்கின் வாசனையும் குறையும். சில மாத்திரைகள் வாயைக் கசக்க வைக்கும். சரியாகப் பொருந்தாத பல்செட்டும் சாப்பாட்டைக் கெடுக்கும். அவருடைய நாக்கு நீளவில்லை, செத்துப்போயிருக்கிறது. அவரே அப்படித்தான் சொல்வார், நாம்தான் காதில் வாங்குவதில்லை. ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் கூட்ட முடியாது. கொஞ்சம் எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி என்று மாற்றிப் பார்க்கலாம். கீரையைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும் 3 வயதுக் குழந்தையை 'நொரநாட்டியம்' என்பதும் இதே வகைத் தவறுதான். அந்த வயதில் புது உணவைக் கண்டு மிரள்வது சகஜம்.

பிகுவும் மாப்பிள்ளை முறுக்கும் தனி ரகம். பிகு பண்ணுபவருக்கு விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் இரண்டு தடவை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். முறுக்குக்குச் சம்பந்தி வீட்டு மரியாதை வேண்டும். இரண்டையும் 'பிடிவாதம்' என்று எழுதிவிட்டால் விஷயமே கெட்டுவிடும்.

பழமொழியிலும் கவனம் வேண்டும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதைக் குறை சொல்பவர் எல்லாருக்கும் போடுகிறார்கள். தன் வேலை வராததற்கு இடத்தையோ கருவியையோ பழிப்பவருக்கே அது பொருந்தும். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால், அதைச் சொன்னவரைக் கேலி செய்யாமல் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். 'கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம்' என்பதோ குறை சொல்பவரைவிட, அவரிடம் மாட்டிக்கொண்டவர் படும் பாட்டைக் காட்டுவது.

எழுத்தில் வரும்போது, அதுவும் அலுவலகக் கடிதத்தில், மேலே சொன்ன எந்தச் சொல்லும் வேண்டாம். 'வாடிக்கையாளர் முசுடு' என்பதற்குப் பதில் 'ஜாக்கெட்டின் கை இறுக்கம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்' என்று எழுதுங்கள். அளவு எடுத்ததில் பிழையா, ஆள் அப்படியா என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார்.