கிரிப்டோ வழக்குகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்காயினில் யார் யாருக்குப் பணம் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பது பழைய தவறு. உண்மை நேர்மாறானது. ஒவ்வொரு பரிமாற்றமும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் நிரந்தரமாக இருக்கிறது. உங்கள் பிட்காயின் முகவரி ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அதில் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தில் திருடுபோன நாணயங்களில் 94,000க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அரசு 2022இல் கைப்பற்றியது இந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்துதான்.

இதனால்தான் தடயத்தைக் கலைக்கும் மென்பொருள்கள் வந்தன. அவற்றை நாடுபவர்கள் எல்லோரும் திருடர்கள் என்பது அடுத்த தவறு. எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்ப இத்தகைய மென்பொருளான டொர்னேடோ கேஷைப் பயன்படுத்தியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே மென்பொருள் வழியாக வட கொரியாவின் இணையத் திருட்டுக் கும்பலான லாசரஸ் குழு 45 கோடி டாலருக்கு மேல் கடத்தியது என்கிறது அமெரிக்கக் கருவூலம். தனியுரிமைக்காகப் பேசுகிறவர்கள் இதை மறைப்பதும் தவறுதான். மறைத்தால் நம் வாதம் நிற்காது.

டொர்னேடோ கேஷை எழுதியவர்களில் ஒருவரான ரோமன் ஸ்டார்ம் குற்றப் பணத்தை வெள்ளையாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. 2025 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் ஜூரி உறுதி செய்தது, உரிமமில்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்தார் என்ற ஒரே குற்றச்சாட்டை. பணத்தை வெள்ளையாக்கும் சதி உட்பட மற்ற இரண்டிலும் ஜூரியால் ஒருமித்து முடிவெடுக்க முடியவில்லை. இன்னொரு படைப்பாளியான அலெக்சி பெர்ட்செவுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024இல் 5 ஆண்டு 4 மாதம் சிறை விதித்தது. அது வேறு நாடு, வேறு சட்டம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, குற்றத்தை ஒப்புக்கொண்டாலே வழக்கு நியாயமானது என்று எடுத்துக்கொள்வது. பிட்காயின் தடயத்தைக் கலைக்கும் சமுராய் வாலட் செயலியின் நிறுவனர்கள் கியோன் ரோட்ரிகஸ், வில்லியம் ஹில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கைப் பாருங்கள். வாடிக்கையாளரின் பணத்தை நகர்த்தத் தேவையான ரகசியச் சாவி நிறுவனத்திடம் இருந்ததே இல்லை. இத்தகைய மென்பொருளை வழங்குவது மட்டும் பணப் பரிமாற்றத் தொழில் ஆகாது என்று அமெரிக்கக் கருவூலத்தின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்சென் 2019இலேயே வழிகாட்டியிருந்தது. 2023இல் அரசு வழக்கறிஞர்கள் கேட்டபோதும் அதன் அதிகாரிகள் அதே திசையில்தான் கருத்துச் சொன்னார்கள். ஆனாலும் 2024 ஏப்ரலில் கைது நடந்தது. அந்த உரையாடல் நிறுவனர்களின் வழக்கறிஞர்களுக்குத் தெரியவந்தது ஏறத்தாழ ஓராண்டு கழித்து.

நிறுவனர்கள் குற்றவாளிகளை வரவேற்றுப் பேசிய செய்திகள் அரசுத் தரப்பிடம் இருந்தன. அது அவர்களுக்குப் பாதகம்தான். ஆனால் பணத்தை வெள்ளையாக்கும் சதிக் குற்றச்சாட்டுக்கு 20 ஆண்டு வரை சிறை. அவர்கள் ஒப்புக்கொண்ட, உரிமமில்லாத பணப் பரிமாற்றத் தொழில் நடத்தும் சதிக் குற்றத்துக்கு அதிகபட்சம் 5. இந்த இடைவெளியே ஒரு மிரட்டல். விசாரணைக்குப் போகும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? கியோன் ரோட்ரிகஸுக்கு அந்த 5 ஆண்டும் முழுமையாக விதிக்கப்பட்டது. வில்லியம் ஹில்லுக்கு 4. 'ஒப்புக்கொண்டார்' என்ற தலைப்பைப் படித்தால், எந்தக் குற்றத்தை, எதைக் கைவிட்டதற்குப் பதிலாக என்று தேடிப் பாருங்கள்.