மரத்துக்கு மரம் ஒரு பக்கம்: பூங்காவில் கதைப்பாதை

என் இளையவனுக்கு ஐந்து வயது. வீட்டில் புத்தகத்தோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார மாட்டான். அதே பையன் போன மாசியில் நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில் பதினான்கு பக்கக் கதையை முழுசாக வாசித்தான், ஓடி ஓடி. ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் அட்டையாக்கி ஒவ்வொரு மரத்தில் கட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

2007-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆன் பெர்குசன் என்பவர் தொடங்கியது இந்தக் கதைப்பாதை. பிள்ளைகள் ஓட, பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல் கூடவே நடக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தார்.

முதலில் கதை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் அச்செடுத்துத் தொங்கவிடலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களை முதல் அட்டையிலேயே போட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், அது பதிப்புரிமைச் சிக்கல். இரண்டு பிரதி வாங்கிப் பக்கங்களைப் பிரிக்கலாம். தாளின் இரு பக்கமும் அச்சு இருப்பதால் ஒரு பிரதி போதாது. யாராவது எதையாவது தேடிப் போகிற கதையாகப் பாருங்கள். கதையில் ஆட்டுக்குட்டி ஓடினால் பிள்ளையும் ஓடும்.

அடுத்து லேமினேஷன். நமக்கு இடவப்பாதி (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. முதல் தடவை நான் தாளின் ஓரத்தை ஒட்டியே பிளாஸ்டிக்கை வெட்டிவிட்டேன். ஒரே தூறலில் ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கி, யானையின் முகம் நீலக் கறையாகிவிட்டது. சுற்றிலும் அரை அங்குலம் வெறும் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். கயிறு கோக்கும் ஓட்டையும் அந்த வெறும் ஓரத்தில்தான் விழ வேண்டும், தாளைத் தொடக் கூடாது. அளவு ஏ3. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கிடைத்தால் வெயிலில் கண் கூசாது. தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

மரத்தில் ஆணி அடிக்கவே கூடாது. தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) போதும், தளர்வாகக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் மரத்தில் முசுறு (கடிக்கும் சிவப்பு எறும்பு) ஏறுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

உயரம்தான் பலரும் தவறவிடுவது. நம் கண் மட்டத்தில் கட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அட்டையின் மேல் ஓரம் தரையிலிருந்து மூன்றடி இருந்தால் சரி. நாம் குத்தவைத்து உட்கார வேண்டியிருக்கும்; அது நல்லதுதான். எங்கள் ஆச்சி முட்டுவலியோடு ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்கள். அவன் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

இரண்டு அட்டைக்கு நடுவே பதினைந்து இருபது காலடித் தூரம் இருக்கட்டும். கதை திரும்புகிற பக்கத்தை வளைவுக்கு அப்பால் மறைத்துக் கட்டுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும் பிள்ளை தானே ஓடிப் போய்ப் பார்க்கும். அட்டையடியில் கேள்வி எழுதி வைக்காதீர்கள், பள்ளிக்கூடம் ஆகிவிடும். "அடுத்த மரம்வரை நண்டு நடை" என்று எழுதினால் பெரியவர்களும் நடப்பார்கள்.

மாநகராட்சிப் பூங்கா என்றால் நாள், நேரம் குறிப்பிட்டு அங்கே ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலை நாலரைக்குக் கட்டி, இருட்டுவதற்குள் கயிறு உட்பட எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீங்களே கதை எழுதலாம். அடுத்த மாசிக்கு நான் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை நினைத்திருக்கிறேன். அதற்கு வனத்துறையிடம் கேட்க வேண்டும். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அந்தக் கதை எட்டு அட்டை வரும். கோட்டை வாசலில் முதல் அட்டை. ஏழாவதில் அவர் 1777-இல் இறந்தது வரை. எட்டாவதைக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரத்தில், "இப்போது திரும்பிப் பார்" என்று மட்டும் எழுதிக் கட்டப் போகிறேன்.