அரியணைக்கு உரிமை கேக்குற ஒரு வீட்ட உருவாக்குறது எப்படி? ஃபேன்டஸி கதை எழுத ஆரம்பிக்கிறவங்களுக்கு

போன லீவுல அக்கா பிள்ளைகள பத்மநாபபுரம் அரண்மனைக்கு கூட்டிட்டு போயிருந்தேன். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா கதைய கேட்டுட்டு சின்னவ என் கைய புடிச்சு இழுத்து, "மாமா, ராஜாவுக்கு சொந்த மகன் இருக்கும்போ கூடப்பொறந்தவ மகன் எப்படி ராஜாவானாரு, அது அநியாயம்லா?"ன்னு கேட்டா. பெரியவன் உடனே, "அதுதான அந்த காலத்து சட்டம், அவரு ராஜாவாகலேன்னாதான் அநியாயம்"னான். தக்கலை பஸ் ஸ்டாண்டு வார வரைக்கும் ரெண்டுக்கும் சண்டை ஓயல, கேட்டுட்டு வந்த எனக்கு யாரு பக்கம் பேசன்னும் தெரியல, ஏன்னா ரெண்டு பேரு சொன்னதும் சரிதான்.

அந்த சண்டைதான் இந்த பதிவு. ஃபேன்டஸி கதை எழுத ஆரம்பிக்கிறவங்க பொதுவா ஒரு நல்ல ராஜா, அவரு நாட்ட பிடுங்க பாக்குற ஒரு கெட்ட குடும்பம்னு வச்சிடுவாங்க, பத்து பக்கத்துல அந்த குடும்பம் செத்துப் போயிரும், நான் சொல்றது கதைக்குள்ள இல்ல, வாசிக்கிறவன் மனசுல. போட்டி வீட்டுக்கு (வீடுன்னா இங்க அரச குடும்பம்) உயிரு வரணும்னா அவங்க கேக்குறதுலயும் நியாயம் இருக்கணும். ஒரு நோட்டு எடுத்துக்கோங்க, சேந்தே ஒரு வீட்ட கட்டுவோம்.

படி 1: மொதல்ல சட்டம், அப்புறம்தான் ஆளு

கேரக்டர் பேரு, கொடி, வாள் எல்லாத்தையும் தள்ளி வையுங்க. அந்த நாட்டுல கிரீடம் யாருக்குப் போகும்ங்கிறத ஒத்த வரியில எழுதுங்க. அப்புறம் அதே நாட்டுல இன்னொரு கூட்டம் நம்புற வேற சட்டத்த அதுக்கு கீழயே எழுதுங்க. உங்க கதையே அந்த ரெண்டு வரிக்கு நடுவுலதான் இருக்கு.

நம்ம ஊரு வரலாற்றுல இது அப்படியே கெடக்கு. வேணாட்டுல, அதாவது பிறகு திருவிதாங்கூரான நாட்டுல, மருமக்கதாயம், ராஜாவுக்குப் பிறகு அவரு சகோதரி மகன். 1729ல ராம வர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தாரு, ராம வர்மாவோட மக்கள் பப்பு தம்பியும் ராமன் தம்பியும் எங்களுக்குதான் உரிமைன்னு எழும்புனாங்க. மலைக்கு அந்தப் பக்கம் பாண்டி நாட்டுல அப்பனுக்குப் பிறகு மகன்தான், ஆரல்வாய்மொழி கணவாய தாண்டினா சட்டமே மாறிரும். தம்பிமார நம்ம பக்கம் வெறும் துரோகியா மட்டும் பாக்கல, அவங்க கதைய வில்லுப்பாட்டா பாடியிருக்காங்க. தோத்தவனுக்கும் பாட்டு கெடைக்குதுன்னா அவன் பக்கமும் ஏதோ நியாயம் இருக்குன்னு சனங்க நெனச்சிருக்கணும்லா.

இனி நம்ம கற்பனை நாடு. பேரு நீலங்கோடு. மலைக்காரங்களுக்கு சகோதரி மகன், கடற்கரைக்காரங்களுக்கு மூத்த பிள்ளை. 200 வருசம் முன்ன ஒரு கல்யாணத்தால ரெண்டு பக்கமும் ஒரே நாடாச்சு, ஆனா கிரீடத்துக்கு எந்த சட்டம்னு யாரும் எழுதி வைக்கல, அன்னைக்கு எல்லாரும் கல்யாண சந்தோசத்துல இருந்துட்டாங்க.

படி 2: யாரு செத்தா, எப்ப செத்தா

மூணு தலைமுறை போதும், பதினேழு தலைமுறை வம்சாவளி வரைஞ்சு உக்காந்துறாதீங்க. 60 வருசம் முன்ன ராஜா ஆதிச்சமாறன் சாகுறாரு. மலைச் சட்டப்படி மருமகன் கோதைமாறன் பட்டத்துக்கு வர்றாரு. ராஜாவோட மூத்த மகனுக்கு கடற்கரையில செம்பனவிளைங்கிற இடத்த குடுத்து ஒதுக்கிடுறாங்க, இதுதான் நம்ம செம்பனவிளை வீடு. இப்ப அந்த வீட்டுக்குத் தலைவி அந்த மூத்த மகனோட பேத்தி நங்கைத்தங்காள், வயசு 34.

இவ்வளவு நாளு சும்மா இருந்தவங்க இப்ப ஏன் கேக்கணும்? இதுக்கு பதில் இல்லேன்னா கதை நகராது. இப்ப உள்ள ராஜாவுக்கு சகோதரியே கெடையாது, அதனால மருமகனும் இல்ல. அரண்மனையில வெளிநாட்டுலேர்ந்து ஒரு பெண்ண ராஜாவுக்கு சகோதரியா தத்தெடுத்து, அவ பிள்ளைய வாரிசாக்கப் போறாங்க. இது நான் சும்மா அடிச்சுவிடுற விசயம் இல்ல, வேணாட்டுல பெண் வாரிசு இல்லாம போனப்ப வடகேரளத்துல உள்ள கோலத்துநாட்டுலேர்ந்து இளவரசிகள தத்தெடுத்திருக்காங்க. இப்ப செம்பனவிளைக்காரங்க கேக்கலாம்லா, வெளியேர்ந்து வந்தவ பிள்ளை ராஜாவாகலாம், ஆதிச்சமாறனோட சொந்த ரத்தம் ஆகக்கூடாதான்னு. மலைச் சட்டத்த நம்புறவனே ஒரு நிமிசம் பேசாம இருப்பான்.

படி 3: சோறு எங்கேர்ந்து வருது

உரிமை கேக்க வாய் மட்டும் போதாது, கையில ஏதாவது இருக்கணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தோட மேப்ப விரிச்சுப் பாருங்க, நாஞ்சில் நாட்டுல நெல்லு, கடலோரம் உப்பளம், ஆரல்வாய்மொழில கணவாய், மலைப்பக்கம் மிளகு, தேன். எது யாரு கையில இருக்கோ அவனுக்கு அவ்வளவு பேச்சு. செம்பனவிளைக்கு உப்பளமும் ஒரு சின்ன துறைமுகமும், அரண்மனைக்கு நெல்லும் ஆத்துத் தண்ணியும். உப்ப நிறுத்தினா மலையில கருவாடு கெடையாது, மடைய அடைச்சா கடற்கரையில கஞ்சி கெடையாது. ஒருத்தர ஒருத்தர் சட்டுனு அழிக்க முடியாம இருந்தாதான் 300 பக்கம் போகும்.

படி 4: சாட்சி

இதுல கொஞ்சம் நின்னு யோசிங்க, தொடக்கத்துல எல்லாரும் சறுக்குற இடம் இது. ஃபேன்டஸிங்கிறதால ஒரு மந்திரக் கல்லு வச்சு உண்மையான வாரிசு தொட்டா வெளிச்சம் வரும்னு எழுதிடுவோம். வந்துச்சுன்னா முடிஞ்சு போச்சு, கோர்ட்டுல ரிப்போர்ட் வந்த மாதிரி, அப்புறம் எதுக்கு சண்டை? மந்திரம் இருக்கட்டும், ஆனா அது தீர்ப்பு சொல்லக்கூடாது. நீலங்கோட்டுல ஒரு கடல்விளக்கு இருக்கு, அரச ரத்தம் கை வச்சா எரியும். தத்தெடுத்த பெண்ணோட பிள்ளை வச்சப்பவும் எரிஞ்சுது, நங்கைத்தங்காள் வச்சப்பவும் எரிஞ்சுது. இப்ப பூசாரிக்கே பயம், இவ்வளவு நாளும் நம்ம நம்புனது என்னதுன்னு.

மந்திரத்தோட ஒரு பொருளும் வேணும். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துலேர்ந்து சாமிகள் திருவனந்தபுரத்துக்கு புறப்படும்போ அரண்மனை உப்பரிகை மாளிகையில ராஜாவோட உடைவாள எடுத்துக் குடுக்குற சடங்க நேர்ல பாத்திருந்தீங்கன்னா தெரியும், ராஜா ஆட்சியெல்லாம் போன பிறகும் அந்த வாளு கை மாறுற நேரம் கூட்டம் அப்படியே அமைதியாகும். பொருளுக்கு அந்த சக்தி உண்டு. நம்ம கதையில வாளு அரண்மனையில, அதோட உறை செம்பனவிளையில. ஆதிச்சமாறன் சாகும்போ உறைய மட்டும் மகன் கையில குடுத்தாராம், பாசத்துல குடுத்தாரா பட்டமா குடுத்தாராங்கிறது அவருக்குத்தான் தெரியும்.

படி 5: கூட நிக்கிறவங்க

தம்பிமார் பக்கம் எட்டுவீட்டுப் பிள்ளைமார்ங்கிற செல்வாக்கான எட்டு குடும்பத்துக்காரங்க நின்னாங்க, ராஜா கை ஓங்கினா தங்களோட அதிகாரம் போயிரும்னு அவங்களுக்கு கவலை. பக்கத்து நாடான இளையிடத்தோட ராணிக்காக டச்சுக்காரங்க மார்த்தாண்ட வர்மாவோட மோதுனாங்களே, அது பாசத்துல இல்ல, மிளகு. அது வளந்து 1741ல குளச்சல் போர் வரைக்கும் வந்துது, அதுல பிடிபட்ட டச்சுப்படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானாரு, உதயகிரி கோட்டைக்குள்ள அவரு கல்லறை இப்பவும் இருக்கு. யாரு யாரு பக்கம்ங்கிறது எப்படி மாறும்ங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் வேண்டாம். உங்க வீட்டுக்கும் மூணு ஆதரவாளர் எழுதுங்க, ஒவ்வொருத்தர் பேருக்கு பக்கத்துலயும் அவனுக்கு உண்மையில என்ன வேணும்னு ஒரு சொல் எழுதுங்க, "நீதி"ன்னு எழுதாதீங்க.

படி 6: வீட்டுக்குள்ள ஒரே குரல் வேண்டாம்

நங்கைத்தங்காளுக்கு கிரீடம் வேணும். அவ தம்பிக்கு உப்பளம் நல்லா ஓடினா போதும். வயசான அத்தைக்கு சின்ன வயசுல அரண்மனையில பட்ட ஒரு அவமானம் இன்னும் ஆறல. இவங்க ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடட்டும், உங்களுக்கு வசனம் தானா வரும்.

படி 7: பேரும் விளியும்

பேருக்கு வெளிய தேட வேண்டாம். நம்ம ஊருல விளை, கோடு, குளம், கரைன்னு முடியுற இடப்பேரு எவ்வளவு இருக்கு, அந்த வாலுக்கு முன்னால புதுச்சொல் ஒண்ணு வச்சா போதும், நாடு தயார். பட்டப்பேரு அத விட முக்கியம். வேற ஊருல தம்பின்னா இளையவன், வேணாட்டுல அது ராஜா மகனோட பட்டம், மகளுக்கு தங்கச்சி, ராஜாவோட மனைவிக்கு அம்மச்சி. எனக்கு இத யோசிக்கும்போ எல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிரும், ஒருத்தன தம்பின்னு கூப்பிட்டாலே நீ ராஜா பிள்ளைதான், ஆனா ராஜா இல்லன்னு ரெண்டையும் ஒரே சொல்லுல சொல்லிடுறாங்க, அவன் காலையில எந்திரிச்சதுலேர்ந்து அத கேக்கணும். உங்க நாட்டுலயும் அப்படி ஒரு சொல்ல கண்டுபிடிங்க, மரியாதையாவும் இருக்கணும், குத்தவும் செய்யணும்.

படி 8: முதல் சீன்

போர்ல ஆரம்பிக்காதீங்க. நம்ம ஊரு கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, போயிருப்பீங்க, முதல் மரியாதை யாருக்குங்கிறதுல எத்தன குடும்பம் பேச்ச நிறுத்தியிருக்கு. அந்த அளவு சின்ன விசயம் போதும். நீலங்கோட்டுல வருசத்துக்கு ஒருக்க அரண்மனை வாள கடற்கரை கோயிலுக்கு கொண்டு வருவாங்க, பூசை முடிஞ்சதும் செம்பனவிளைக்காரங்க உறைய நீட்டணும், ராஜா அதுல வாள செருகணும், ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும், விடிஞ்சதும் அவரவர் பொருள அவரவர் எடுத்துட்டுப் போவாங்க, 60 வருசமா இதுதான் வழக்கம். இந்த வருசம் மேளம் நிக்குது, ராஜா வாள கையில வச்சுட்டு நிக்கிறாரு, நங்கைத்தங்காள் வெறுங்கையோட வந்து நிக்கிறா.

சீன அதுலயே நிறுத்துங்க. அடுத்து மொதல்ல பேசுறது ராஜாவா, பூசாரியா, இல்ல அந்த அத்தையான்னு மூணு விதமாவும் அரை அரைப் பக்கம் எழுதிப் பாருங்க, எதுல உங்க கை நிக்காம ஓடுதோ அத வச்சுக்கோங்க.