எடுப்புக்கா, பதினாறுக்கா? ஊரில் சாவு, நாம் வெளிநாட்டில்

"அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே கிளம்பி வா" என்று போன் வந்தால், காவிரி டெல்டா பக்கத்தில் பல நேரம் உயிர் போய்விட்டது என்றே அர்த்தம். தனியாக இருக்கும் பிள்ளை வழியில் இடிந்துபோய்விடக் கூடாது என்று மறைக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதனால் கணக்கெல்லாம் தப்பிவிடும். போனை வைக்குமுன் நேராகக் கேளுங்கள்: "சித்தப்பா, உயிர் இருக்கா இல்லையா? எத்தனை மணிக்கு? வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? எப்ப எடுக்கிறதா பேசுறாங்க?" இதை அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்காதீர்கள். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று பந்தல், வண்டி வேலையை இழுத்துப் போட்டுச் செய்பவரிடம் கேளுங்கள். அவரே அடுத்த மூன்று நாளுக்கு உங்கள் ஆள்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உடலை எடுக்கும் எடுப்புக்குப் போகிறீர்களா, பதினாறாம் நாள் கருமாதியான பதினாறுக்குப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு பயணம். "பார்க்கிறேன், டிக்கெட் கிடைத்தால் வருகிறேன்" என்பது இரண்டிலும் சேராது. ஊரில் கூட்டம் காத்துக் கிடக்கும், நீங்களும் போய்ச் சேர மாட்டீர்கள்.

நேரக் கணக்கு

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா ஆகியவற்றிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய நாலு மணி நேரம். திருச்சியிலிருந்து காரில் தஞ்சாவூர் ஒரு மணி நேரம் சொச்சம், கும்பகோணம் இரண்டரை, மயிலாடுதுறை மூன்றுக்கு மேல். சென்னையில் இறங்கினால் விக்கிரவாண்டி வழியாகக் கும்பகோணத்துக்கே ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் தேடும்போது சென்னை மலிவாகத் தெரியும், வீட்டு வாசலில் அந்தக் கணக்கு மாறிப்போகும். சிங்கப்பூரில் காலை ஆறு மணிக்குச் செய்தி கேட்டால் ஊரில் அப்போது அதிகாலை மூன்றரை. பகல் விமானம் கிடைத்தால் மாலை ஐந்துக்குள் கும்பகோணம் பக்கம் வீடு சேரலாம். அமெரிக்கா, கனடா என்றால் வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றரை நாள் ஆகும்.

கிராமங்களில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடப் பார்ப்பார்கள். இது வெறும் சாஸ்திரம் மட்டுமில்லை. வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி மூட்டம் போடுவதற்கு வெளிச்சம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுடுகாட்டுப் பாதை வயலோடு வயலாகத் தண்ணீரில் கிடக்கும், அதை இருட்டில் தாண்ட முடியாது. ஆகவே "காலையில எடுக்கலாமா?" என்று கேட்டால் ஒப்புவார்கள், "ராத்திரி பத்துக்கு வந்துடுவேன்" என்றால் தயங்குவார்கள்.

வீட்டில் வைப்பதானால் ஐஸ் பெட்டி வேண்டும். சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுபவரிடமே கிடைக்கும். அதோடு ஜெனரேட்டரும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இதைத்தான் மறப்பார்கள். கிராமத்துக் கரண்ட் போனாலோ வோல்டேஜ் இறங்கினாலோ பெட்டியில் குளிர் நிற்காது, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதாலும் குளிர் போகும். ஓர் இரவுக்கு அது தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆஸ்பத்திரி பிணவறையே சரி. எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: மறுநாள் மதியத்துக்குள் வந்து சேர முடியாதவர், உடலைக் காக்க வைக்க வேண்டாம். "எடுத்துடுங்க, பதினாறுக்கு நான் முழுசா வந்து நிற்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வராதவரை ஊரில் எவரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

கொள்ளி யார் என்பதும் அதே பேச்சில் முடியட்டும். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பது பரவலான வழக்கம். நீங்கள் இல்லையென்றால் தம்பி, பங்காளி மகன், இப்போது மகளும்தான். கொள்ளி வைத்தவரே கருமாதி வரை செய்வது பல வீடுகளில் முறை. நாளைக்கு மனத்தாங்கல் வராமல் இன்றே கேட்டுவிடுங்கள்.

கிளம்புமுன்

பாஸ்போர்ட் காலாவதி தேதி, திரும்பி வர விசா இருக்கிறதா, இரண்டையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள். சவூதியில் வேலை பார்ப்பவருக்கு வெளியேறித் திரும்பும் அனுமதி கைக்கு வராமல் விமானநிலையம் போவதில் பயனில்லை. அமெரிக்காவில் விசா முத்திரை முடிந்துபோயிருந்தால், திரும்பி வரும்போது அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்று தெரிந்தே கிளம்புங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இல்லாதவர், இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணுக்குத்தான் முதலில் போன் போட வேண்டும்.

விடுப்பு விஷயம்: அமீரகத் தனியார் துறைச் சட்டப்படி கணவன் அல்லது மனைவி இறந்தால் 5 நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை இறந்தால் 3 நாள் சம்பளத்தோடு உண்டு. சவூதியில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு 5 நாள். சிங்கப்பூரில் சட்டம் கட்டாயமாக்கவில்லை, கம்பெனி ஒப்பந்தத்தைப் பாருங்கள். மேலாளருக்கு இரண்டு வரி போதும்: யார் இறந்தார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வரமாட்டேன். மூன்று நாளை வைத்து எடுப்புக்கு ஓடி, அப்புறம் பதினாறுக்கு விடுப்பு இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய.

போக முடியாதவருக்கு

வீடியோவில் பார்ப்பதென்றால், அழும் தங்கை கையில் போனைக் கொடுக்காதீர்கள். விசும்பலும் ஆட்டமுமாக ஒன்றும் தெரியாது. துக்க வீட்டில் ஒதுங்கி நிற்கக்கூடிய இளவட்டம் ஒருவரைப் பிடியுங்கள். முழு சார்ஜ் போட்ட போன் இரண்டு, வேறு வேறு கம்பெனி சிம். பந்தலில் கூட்டம் கூடினால் ஒரு நெட்வொர்க் திணறும், சுடுகாட்டில் இன்னொன்று எடுக்காது. உங்கள் பக்கத்து மைக்கை அணைத்து வையுங்கள். முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. நீர்மாலை (குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருவது), கோடித் துணி போடுவது, வாய்க்கரிசி, தூக்கும் நேரம், இந்த நாலுக்கும் போன் போட்டால் போதும் என்று சொல்லிவையுங்கள். வாய்க்கரிசி நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் ஒரு பிடி போடட்டும். உங்கள் பக்கத்திலும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அறை நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், யாரானாலும் சரி. வேலை இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று தனியாகப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

பணம்: வெளிநாட்டிலிருந்து அனுப்பியது சில நேரம் மறுநாள்தான் ஏறும், எடுப்புச் செலவு அன்றே கையில் வேண்டும். பங்காளி ஒருவர் முன்போடட்டும், பாடைக்காரர், மேளம், வண்டி, வெட்டியான் என்று நோட்டில் எழுதச் சொல்லி அவருக்கு மொத்தமாக அனுப்புங்கள். ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் பதினாறு முடிந்ததும் கணக்குச் சண்டை வரும்.

இங்கே அந்தப் பதினாறு நாள்

ஊரில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். இங்கே அது வராது. கேட்டு வாங்குங்கள். "ரெண்டு நாள் ரசம் சோறு மட்டும் குடுங்க" என்று தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். செய்தி கேட்டதும் தலைக்குக் குளித்துவிட்டு, ஒரு விளக்கும் படமும் வையுங்கள். விடுதி அறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் ஊதுவத்தி வேண்டாம், மின்விளக்கு போதும்.

துக்கம் கேட்கும் போன்கள் நாலைந்து நாளுக்கு நிற்காது, அதுவும் உங்கள் நடுராத்திரியில். ஒவ்வொருவரிடமும் "எப்படி ஆச்சு?" என்பதை முதலிலிருந்து சொல்வது ஆளைத் தின்றுவிடும். ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்தில் மட்டும் எடுங்கள். மற்றவர்களுக்கு ஒரே குரல்பதிவு போதும். முதல் வாரம் தூக்கமில்லாமல் வண்டியோட்டும் வேலையோ உயரத்தில் ஏறும் வேலையோ பார்க்காதீர்கள். மேலாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா போய், அம்மா இருந்தால் இன்னொன்று. தாலி, பூ, பொட்டு, புடவை பற்றிய சடங்கெல்லாம் பதினாறாம் நாளை ஒட்டி நடக்கும். அம்மாவுக்கு வேண்டாதது எதுவும் நடக்கக் கூடாது என்றால், அவரிடம் கேட்டுவிட்டு, தாய்மாமனிடமும் மூத்த அத்தையிடமும் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். கூட்டம் கூடிய பிறகு வீடியோவில் நீங்கள் போடும் சத்தத்தை எவரும் கேட்க மாட்டார்கள்.

காகிதம்

இறப்பைப் பதிய 21 நாள். 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதன்பின் எழுத்துபூர்வ அனுமதியும் சுயகையொப்பமிட்ட ஆவணமும், ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. எங்கே உயிர் போனதோ அங்கேதான் பதிவு. மன்னார்குடிக்காரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் மன்னார்குடியில் தேடிப் பயனில்லை. கிராமத்து வீட்டில் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ). பெயர், இனிஷியல், அப்பா பெயர் மூன்றும் ஆதார், பாஸ்புக், பட்டாவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று, பதியுமுன் போட்டோ அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பிரதியாவது வாங்கிவையுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பம். "வெளியூர்ல இருக்கான், பிறகு சேர்த்துக்கலாம்" என்று உங்கள் பெயரை விட்டால் பட்டா மாற்றும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

நேரில் வர முடியாமல் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு மறப்பதுதான் வழக்கமான தப்பு. இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்க வேண்டாம், நாமினி வழியாகக் கேளுங்கள். அவர் போன் நம்பரை மட்டும் நிறுத்தாமல் ரீசார்ஜ் செய்துவையுங்கள்.

அஸ்தி

அஸ்தியை நீங்கள் வரும்வரை வைக்கச் சொல்லலாம். கலயத்தை வீட்டுக்குள் வைக்காமல் மரத்தில் கட்டிவைப்பார்கள். ஆனால் மாதத்தைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடை சேர இன்னும் பல நாள். மாசி முதல் வைகாசி வரை கும்பகோணம் பகவத் படித்துறையிலும் மயிலாடுதுறை துலாக்கட்டத்திலும் மணலே இருக்கலாம். அந்த மாதங்களில் பூம்புகார்க் கடல்முகத்துக்கு வண்டி பேசிவையுங்கள். காலையில் போய்விட்டால் வெயிலுக்கு முன் திரும்பலாம்.

கிளம்புமுன் புரோகிதரிடம் கேட்டு, தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இறந்த மணி, நாலையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் நீங்கள் இருக்கும் ஊரில் அதே திதி ஒரு நாள் முன்பின்னாக விழலாம். அங்குள்ள கோயில் பஞ்சாங்கத்தைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.