பிளஸ் டூவுக்குப் பிறகு பிசிஷியன் அசிஸ்டென்ட்: படிப்பும் பணியும்

இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒரு நோயாளியின் மார்பு வடிகுழாயில், மணிக்கு நூறு மில்லி லிட்டர் அளவில் வந்துகொண்டிருந்த ரத்தம் நள்ளிரவில் திடீரென்று நின்றுவிடுகிறது. பணிக்குப் புதிதாக வந்தவர், கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவார். அனுபவமுள்ள பிசிஷியன் அசிஸ்டென்ட் (சுருக்கமாக பி.ஏ.) முதலில் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பார். உள்ளே ரத்தம் கட்டி அடைத்திருக்கிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா, நாடித் துடிப்பு ஏறுகிறதா, மையச் சிரை அழுத்தம் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையின் அழுத்தம்) உயர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அதை நெருக்குகிறதோ என்ற ஐயம் எழுந்த உடனேயே அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பிவிடுவார். மார்பை மீண்டும் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மருத்துவர்தான். ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தவர், படுக்கையருகே நின்றிருந்த பி.ஏ.

இந்தப் பணியின் இயல்பு முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. மருத்துவரின் மேற்பார்வையில், அவர் ஒப்படைக்கும் வேலைகளை மருத்துவ அறிவோடு செய்து முடிப்பவர் பி.ஏ. எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் இதில் சேர்ந்து பாதி மருத்துவராகிவிடலாம் என்று எண்ணி வருபவர்கள், மூன்றாம் ஆண்டிலேயே மனம் உடைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு அருகில் இருப்பதில் உண்மையான விருப்பமும், இன்னொருவரின் பொறுப்பின்கீழ் வேலை செய்வதில் சங்கடமில்லாத மனமும் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல பணி. விண்ணப்பம் போடுவதற்கு முன்பு, வீட்டில் பெற்றோருடன் உட்கார்ந்து இதை மட்டும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பி.ஏ. என்றால் கலைப் பட்டமா, அலுவலக உதவியாளர் வேலையா என்று உறவினர்கள் கேட்பார்கள். அவர்களுக்கும் ஒருமுறை பொறுமையாக விளக்கிவிடுவது நல்லது.

இத்துறை அமெரிக்காவில் தொடங்கியது. டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தவர்களைக் கொண்டு 1965இல் முதல் வகுப்பைத் தொடங்கினார். 1967இல் அதிலிருந்து மூவர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். இந்தியாவுக்கு இது வந்து சேர்ந்த இடம் சென்னை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தவராக அறியப்படும் மருத்துவர் கே.எம். செரியன், 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தப் படிப்பைத் தொடங்கிவைத்தார். இதய அறுவைக் கூடத்தில் முளைத்த படிப்பு என்பதால், இன்றும் தமிழ்நாட்டில் இதயப் பிரிவுகளில் பி.ஏ.க்களுக்குத் தனி இடம் உண்டு.

சேர்வதற்குத் தேவையானவை

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களையோ, உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலையும் விலங்கியலையுமோ படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வரும் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு, மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாய உள்ளிருப்புப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள் நீடிக்கும். அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை வெளியிட்டு, கலந்தாய்வு நடத்தி வந்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் கடைசி வாரத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்து திரிந்தவர்கள் ஏராளம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

கட்டடத்தையும் விடுதியையும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் படிப்பின் உயிர் வார்டில் இருக்கிறது. கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறதா, அதில் உண்மையிலேயே படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா, ஒரு நாளைக்கு எத்தனை அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன என்பதை நேரில் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வெளிநோயாளிகள் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். அதன் பிறகு, உள்ளிருப்புப் பயிற்சியில் இருக்கும் மூத்த மாணவர்கள் இருவரை உணவகத்தில் சந்தித்து, அறுவைக் கூடத்தில் உங்களைக் கை கழுவி உள்ளே நிற்க விடுகிறார்களா, நோயாளியின் விவரத்தை மருத்துவர் முன்னிலையில் எடுத்துச்சொல்லும் வாய்ப்பு தருகிறார்களா, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பயிற்சியின் முதல் நான்கு மாதங்கள் ஒரு மருத்துவமனையில் கழிந்தன; அங்கே எங்களுக்குக் கிடைத்த வேலை, டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்வதும் காப்பீட்டுக் கோப்புகளை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் கொண்டுபோவதும்தான். அந்த நான்கு மாதங்களில் ஒரு தையல்கூடப் போடவில்லை. பின்னர் வேறு இடத்தில் இரவுப் பணியைக் கேட்டு வாங்கி அந்தக் குறையைச் சரிசெய்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

தொலைதூரக் கல்வியிலோ இணையவழியிலோ இந்தப் பட்டத்தைத் தருவதாக யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை அவ்வழிகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தடை விதித்திருக்கிறது. 2021இல் நிறைவேறிய அந்தச் சட்டம் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் நம் பணியையும் தன் பட்டியலில் சேர்த்து, சுகாதாரத் தொழில்முறையாளராகக் கருதப்படுவதற்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று வரையறுத்துள்ளது. எனவே கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகவர் காட்டும் நகலை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

படிக்கும் மூன்று ஆண்டுகள்

முதலாம் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று அடிப்படைப் பாடங்கள் இருக்கும். பிறகு நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றையும், பொது மருத்துவம், அறுவை மருத்துவம், இதயவியல் போன்ற துறைப் பாடங்களையும் படிப்பீர்கள். மருந்தியலை மனப்பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால் வார்டில் அது கைகொடுக்காது. ஒவ்வொரு மருந்தையும் ஒரு நோயாளியோடு சேர்த்துப் படியுங்கள். சிறுநீர் பெருக்கும் ஊசி போட்ட நோயாளிக்குப் பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் என்பதை ஒருமுறை ஈ.சி.ஜி. தாளில் கண்ணால் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் ஆறு மாதம் ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு திணறுவது இயல்பு. தினமும் இருபது சொற்களைக் கையால் எழுதிப் பழகினால் இரண்டாம் பருவத்தில் அந்தத் திணறல் மறைந்துவிடும். அவர்களிடம் வேறொரு பலமும் இருக்கிறது. நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நோயாளி சொல்லும் மூன்றும் மூன்று வேறு நோய்களைச் சுட்டலாம். அந்த வேறுபாட்டை அப்படியே வாங்கி, மருத்துவருக்குப் புரியும் மொழியில் கேஸ் ஷீட்டில் எழுதுவது, இந்தப் பணியில் முதல் திறமை என்றே சொல்வேன்.

உள்ளிருப்புப் பயிற்சி

நான்காம் ஆண்டில்தான் நீங்கள் பி.ஏ.வாக உருவாகிறீர்கள். காலை ரவுண்ட்ஸ் ஏழரைக்கு என்றால் ஆறரைக்கே வார்டில் இருங்கள். இரவு முழுவதும் பதிவான ரத்த அழுத்தம், காய்ச்சல், வடிகுழாய் அளவு, சிறுநீர் அளவு, புதிதாக வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, நோயாளியிடம் நேரிலும் பேசிவிட வேண்டும். மருத்துவர் வந்ததும் ஒரே நிமிடத்தில், அறுவை முடிந்து எத்தனையாவது நாள், இரவில் என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், எது கவலை தருகிறது என்ற வரிசையில் சொல்லிப் பழகுங்கள். ரத்தம் எடுப்பது, ஊசிக் குழாய் போடுவது, தமனி ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, கட்டுப் பிரிப்பது, தையல் போடுவது ஆகிய அனைத்தையும் மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இதய அறுவைப் பிரிவில் சேர்ந்தால், பைபாஸுக்காகக் காலிலிருந்து சிரை எடுக்கும் வேலை காலப்போக்கில் உங்களிடம் வரும். உள்கணுக்காலுக்குச் சற்று முன்புறத்தில் தோலைத் திறந்தால் சிரை தெரியும். அதை ஒட்டியே ஒரு நரம்பும் ஓடும். நரம்பில் கத்தி பட்டால் அந்த நோயாளிக்குப் பாதத்தின் உட்புறம் மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும். சிரையை இடுக்கியால் இறுக்கிப் பிடிக்காமல், கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, வெளியே எடுத்ததும் எந்த முனை கணுக்கால் பக்கத்து முனை என்று தவறாமல் அடையாளம் வைக்க வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். அடையாளம் மாறி, சிரை தவறான திசையில் தைக்கப்பட்டுவிட்டால் அதன் வழியே ரத்தம் ஓடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன், முனையைக் குறிக்காமல் சிரையைக் கிண்ணத்தில் வைக்கும் கையைத் தட்டிவிடுவார். இருபது ஆண்டுக்குப் பிறகும் நான் அந்த முனையை இரண்டு முறை பார்க்காமல் கொடுப்பதில்லை.

எல்லை எது

இந்தியாவில் பி.ஏ. தன் பொறுப்பில் மருந்துச் சீட்டு எழுதவோ, தனியாக கிளினிக் வைக்கவோ, மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடவோ முடியாது. பதிவு பெற்ற மருத்துவர் அல்லாதவர் மருத்துவராகத் தொழில் செய்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நோயாளிகள் உங்களை டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். ஒவ்வொரு முறையும், நான் டாக்டருடைய உதவியாளர் அம்மா, டாக்டர் எட்டு மணிக்கு வருவார் என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் மருத்துவர் சொன்ன மருந்தைக் குறிக்கும்போது, அளவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தையும் அவர் பெயரையும் எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நாளை ஒரு கேள்வி எழுந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான்.

வேலையும் வளர்ச்சியும்

பெரும்பாலான வேலைகள் தனியார் மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன. இதய அறுவை, இதயவியல், நரம்பியல், எலும்பு அறுவை, சிறுநீரகவியல், புற்றுநோய், அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் பி.ஏ.க்களைப் பணியமர்த்துகிறார்கள். தொடக்கச் சம்பளம் உழைப்புக்கு ஏற்றதாக இருப்பதில்லை. இது இத்துறையின் உண்மையான குறை, வீட்டுச் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் வேலையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருபவரைக் காட்டிலும், கற்றுக்கொடுக்கும் மருத்துவர் இருக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் ஆண்டில் சம்பளம் தானாகப் பேசும். அடிப்படை உயிர்காப்பு, மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். சில ஆண்டுகள் கழித்து மருத்துவமனை நிர்வாகம், பொது சுகாதாரம், மருத்துவ ஆராய்ச்சி ஆகியவற்றில் முதுகலை படிக்கலாம். கல்லூரியில் பயிற்றுநராகவும் போகலாம்.

வெளிநாடு செல்ல விரும்புபவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்கான 300 வினாக்கள் கொண்ட தேசியத் தேர்வை, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் மட்டுமே எழுத முடியும். நம் பி.எஸ்சி. பட்டத்தோடு நேராகப் போய்த் தேர்வு எழுத வழியில்லை. ஏறத்தாழ 27 மாதம் நீளும் முதுகலைப் படிப்பை அங்கே முடித்தாக வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. அங்கே இப்பணியின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023இல் 1,30,000 டாலரைத் தாண்டியது என்பது உண்மை, ஆனால் அது அந்த நீண்ட வழியைக் கடந்தவர்களுக்கு. பிரிட்டனில் 2024 டிசம்பரில்தான் இப்பணி பொது மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறைக்குள் வந்தது; அடுத்த ஆண்டே, அசோசியேட் என்ற பெயரை அசிஸ்டென்ட் என்று மாற்றப் பரிந்துரைத்த ஆய்வறிக்கையும் வந்தது. எனவே பழைய தகவல்களை வைத்துக்கொண்டு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும், இங்கேயே வேறு மருத்துவமனைக்கு மாறுவதாக இருந்தாலும், உங்கள் பயிற்சிக்குச் சான்று கேட்பார்கள். ஆகவே பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஒரு கெட்டி அட்டைக் குறிப்பேட்டில் தேதி, பிரிவு, செய்த வேலை, மேற்பார்வையிட்ட மருத்துவரின் கையெழுத்து ஆகியவற்றை நோயாளியின் பெயர் இல்லாமல் பதிவு செய்துவாருங்கள். கல்லூரியை விட்டு வரும் வாரத்தில், நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தின் நகலில் கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துப் போய்க் கேட்கும்போது பாடத்திட்டமும் மாறியிருக்கும், கையெழுத்திட வேண்டியவரும் பணி ஓய்வு பெற்றிருப்பார்.